மணல் கேட்ட அந்நிய பாஷை

மச்சான்,

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே அடுக்குமாடி எழும்புகிறது. காலையில் ஈர சிமெண்ட் வாசனையோடு தெலுங்கு ஆட்களின் சத்தமும் உள்ளே வந்தது. "இசுக்க தே, நீள்ளு பொய்யி." மணல் கொண்டுவா, தண்ணீர் ஊற்று. இப்படிப்பட்ட ஆட்களோடு வருடக்கணக்கில் கொத்து வேலை பார்த்தவர்கள் நாம். உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் இப்போது எழுதுகிறேன், தெரியுமா? அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். 'ஞ' மட்டும் இன்னும் கைக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். அவ்வளவு அழகு.

நம் சபையில் உனக்கு ஒரே ஆசை. ஞாயிறு ஆராதனையில் முன்னால் நின்று வேதம் வாசிக்க வேண்டும். நன்றாக வாசிப்பாய். ஆனால் ஜெபத்தில் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசாதவருக்கு ஆவியின் வரம் இல்லை, மேடை ஏறக் கூடாது என்றார் பாஸ்டர். உன்னை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்த விட்டார்கள்.

ஓர் உபவாசக் கூட்டத்தில் எனக்கு அந்த வரம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததைக் கொட்டினேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. வெளியே வந்ததும் நீ என் காதருகே சொன்னாய்: "இன்னா மச்சான், ஆவியானவரு எப்ப மேஸ்திரி ஆனாரு? மணலு, தண்ணின்னு தெலுங்குல கேட்டுகினு கீறாரு. கடசில ஒரு வார்த்த மட்டும் தமிழு. பொய்யி."

சிரித்திருக்கலாம். வயிற்றெரிச்சல் என்றேன்.

மறுநாள் சாரத்து நிழலில் சாப்பிடும்போது, வேதத்தில் வரங்களைப் பற்றிய அதிகாரத்தை வாசித்துக் காட்டினாய். "மத்தவனத் தூக்கிவுடத்தான் குடுக்குறாரு. நம்ம உசரத்துக்கு இல்ல." எழுத்துத் தெரிந்த திமிர் என்றேன். அதன் பிறகும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சபையில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், சீட்டை வாசித்து, மாத்திரை வேளை சொன்னவன் நீ. அதற்கு வரம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நான் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் பாஸ்டரின் அந்தச் சட்டமே ஆடியிருக்கும், நீ முன்னால் நின்று வாசித்திருப்பாய். நீ இறந்து உன்னை அடக்கம் செய்த அன்று, ஆவியின் அபிஷேகம் பெறாமலே போய்விட்டார் என்று பாஸ்டர் வருத்தப்பட்டார். நான் பெட்டி அருகே நின்று ஆமென் சொன்னேன்.

எழுத்து வந்ததும் முதலில் அந்த அதிகாரத்தைத்தான் விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். நான்கு நாள் ஆயிற்று. நீ சொன்னதுதான் இருந்தது.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணல், தண்ணீர், நீ.  பாஸ்டர் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பாருங்க, ஐயாவுக்குத் தாழ்மைங்கற வரத்தையும் கர்த்தர் குடுத்துட்டாரு." கை தட்டினார்கள். உன் பெயரை யாரும் திரும்பச் சொல்லவில்லை. வரும் ஞாயிறு வேத வாசிப்பு எனக்காம்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, மச்சான். தினமும் சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். உன் இடத்தில் போய் நிற்கப் போகிறேன். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. அதைத்தான் விழுங்க முடியவில்லை.