ஓடை உடைந்த நாள்

1974, மாசி, வெள்ளி.

கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியின் கழிவு மேடு ஓடையை அடைத்துக் கிடக்கிறது. கீழ்வயல்களுக்குத் தண்ணீர் போக அதை அள்ளுவது ஒப்பந்தக்காரனான என் பொறுப்பு. மேட்டுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் தோப்புக்காரர் பழனிச்சாமியின் கிணற்றில் ஊறுகிறது. இன்று கடப்பாரையோடு வந்தார்.

"மேட்ட வெட்டுனா என்ர கெணறு வத்திப்போயிருமுங்க. தள்ளி நில்லுங்க!"

சொன்ன கையோடு கடப்பாரையை வீசினார். என் ஆள் ரங்கனின் முழங்கை முறிந்தது.

பாய்ந்து அவரை மேட்டுக்குக் கீழே வறண்டு கிடந்த ஓடைக்குள் தள்ளிக் கழுத்தை அழுத்தினேன். பாதி வெட்டியிருந்த மேடு அப்போதுதான் உடைந்தது. தண்ணீர் அவர் முகத்தை மூடியது. கீழ்வயல்காரர்கள், "தண்ணி வந்திருச்சு!" என்று குதித்தார்கள். நான் பிடியை விடவில்லை. என் வேலையாட்களின் மேஸ்திரிதான் என்னை இழுத்துப் போட்டார்.

இருமிக்கொண்டே எழுந்த பழனிச்சாமி, "என்ர கெணறு போச்சுங்களே" என்றார்.

இரவாகியும் தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல. மேஸ்திரி ஏன் இழுத்தார் என்ற ஆத்திரத்தால்.