ஆட்டின் வயிற்றில் நாலு அறை

நானா,

வருடங்களின் இலக்கம் என் மனதில் நிற்பதில்லை. அவற்றில் நடந்தது நிற்கும். கேஸ் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சனம் தெருவிலேயே படுத்துக் கிடந்த வருடம் அது. நாட்டை ஆண்டவர் நாட்டை விட்டே ஓடினார். மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற மனிதர்கள் நின்றபடியே விழுந்தார்கள். அந்த வருடத்தில்தான் என் மருமகள் சுகந்தி நர்ஸ் படிப்புக்குச் சோதனை எழுதப்போவதாகச் சொன்னாள்.

இன்று காலை கண்டி மார்க்கெட் பக்கம் போனேன். உங்கள் கறிக்கடையை இப்போது உங்கள் மகன்தான் பார்க்கிறார். வெட்டுக்கட்டையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈர மரமும் மஞ்சளும் கலந்த வாசம் என்னை அங்கே நிற்கவிடவில்லை. வீட்டுக்கு வந்து சுகந்தியை உட்காரச் சொன்னேன். எனக்கு வந்த கடிதங்களை வாசித்ததும், நான் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் நீங்கள். உங்களுக்கே ஒன்று எழுத வேண்டிவந்தபோது வேறு கையைத் தேட வேண்டியதாயிற்று.

சுகந்தியின் கதை உங்களுக்குத் தெரியும். கட்டாருக்குப் போன என் மகன் அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் அவனைத் திட்டவுமில்லை, தாய்வீட்டுக்குப் போகவுமில்லை. டவுனில் ஒரு டாக்டரின் இடத்தில் கூட்டித் துடைக்கப் போனாள். காயத்துக்கு மருந்து கட்டுவதை ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த ஆசை பிடித்தது. ஏ.எல். வரைக்கும் படித்தவள்தான். ஆனால் நாவலப்பிட்டிப் பக்கம் அவள் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித்தர ஆளில்லை. அதனால் தமிழும் இந்து நாகரிகமும் புவியியலும் படித்திருந்தாள். அதைப் படித்தவர்களையும் ஒரு தனியார் நர்ஸ் பள்ளியில் எடுக்கிறார்களாம். ஆனால் விஞ்ஞானப் பேப்பரில் தேற வேண்டும். வயதுக்கும் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்த முறையும் அடுத்த முறையும் மட்டும்தான் மிச்சம்.

பழைய புத்தகங்களை வாங்கிவந்து பாராயணம் செய்தாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது உங்களிடம் சொன்னேன்.

“படத்தப் பாத்து என்ன வெளங்கும்? என்ட கடைக்கு அனுப்பு தம்பி” என்றீர்கள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ தொழுதுவிட்டு நீங்கள் வந்ததும் பாதிக் கதவைத் திறந்துவைத்துப் பாடம் நடந்தது. ஈரலை விரித்துக் காட்டினீர்கள். சிறுநீர் பிரிக்கிற குண்டிக்காயை இரண்டாகப் பிளந்தீர்கள். நுரையீரலின் குழாயில் வாய்வைத்து ஊதினீர்கள்; அது பொங்கி எழுந்ததைக் கண்டு அவள் பின்னால் தள்ளிப்போனாள். அவளோ சோதனை முடியும்வரை கவுச்சி தின்பதில்லையென்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்திருந்தாள். உங்கள் கடையில் கையை ரத்தத்தில் நனைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலைமுழுகி விளக்கு வைப்பாள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அதற்கும் வாய் போட்டார்கள். மீன்கடைச் சிறில் உங்களைச் சீண்டுவார்: “நானா, எறச்சி திங்காத ஆளுக்குத்தானே நீ நல்ல துண்டா வெட்டுறது.” கறி விலை ஏறி யாருமே வாங்காத காலம். நீங்களும் சிரித்தீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டின் வயிற்றைத் திறந்தீர்கள். ஒரு அறை குளித்துத் துடைக்கிற துவாய் மாதிரி. ஒன்று தேன்கூடு. ஒன்று புத்தகத்தின் தாள் அடுக்கினாற்போல. கடைசி வழவழப்பு. தன் புத்தகத்தில் ஒரே ஒரு பைதான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். நீங்கள் யோசித்துத்தான் பதில் சொன்னீர்கள்: “வெளியால பாத்தா அப்பிடித்தான் மகள். வெட்டாம எப்பிடித் தெரியும்? படைச்சவன் எல்லாருக்கும் ஒரே கணக்குலதான் படைச்சீக்கிறான்.”

நானும் தலையாட்டினேன். வெட்டுகிறவருக்குத் தெரியாததா?

சோதனை முடிந்து அவள் நேரே உங்கள் கடைக்குத்தான் வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். மனித வயிற்றை வரையச் சொல்லியிருந்தார்களாம். நாலு அறையும் போட்டு, ஒவ்வொன்றின் தோலையும் வரைந்து வைத்தாளாம். நீங்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டே எல்லோரையும் ஒருமுறை பார்த்தீர்கள், மீன்கடைக்காரர் உட்பட. அப்போது கறி வாங்க நின்ற பார்மசிக்கார ஐயா, யாழ்ப்பாணத்து மனிதர், மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, அது ஆடு மாட்டுக்கெல்லோ. மனுசருக்கு ஒண்டுதான்.”

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் சண்டைபோட்டு ஆறியிருக்கலாம். நீங்கள் அவருக்கு வெட்டிய கறியைத் தராசில் வைத்தபடி மறந்து நின்றீர்கள்.

பெயர்ப் பட்டியல் போட்டபோது நீங்களே என்னோடு வந்தீர்கள். வாசலில் ஒட்டியிருந்ததை மேலிருந்து கீழே வாசித்தீர்கள். பிறகு கீழிருந்து மேலே. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

அதன்பிறகு தேத்தண்ணிக்கும் வரவில்லை. நான் கடைப்பக்கம் வந்தால் உள்ளே ஏதோ தேடப் போய்விடுவீர்கள். வேலுவின் தேத்தண்ணிக் கடையில் உங்கள் இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ரசாயனத்தில் பாதிக்கு மேல் எழுதாமல் விட்டதாகவும், வயிறு சரியாக இருந்தாலும் தேறியிருக்க மாட்டாள் என்றும் சுகந்தி உங்களிடம் வந்தே சொன்னாள். “ஆறுதலுக்குச் செல்றாய் மகள்” என்று நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம், கடைசி முறைக்குப் படிக்கிறபோது, ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு உங்கள் பாதிக் கதவுக்குள் நுழைந்தாள். ஒரு இருதயம் கேட்டாள். நீங்கள் கட்டையைப் பார்த்துக்கொண்டே, “நான் காட்டினா நாசமாத்தான் போகும். வேற ஆளப் பாருங்க” என்றீர்கள்.

“வயித்துக்கு நாலு அறைன்னதுதான் தப்பு நானா. நெஞ்சுக்கு நாலு அறை சரிதானே? அதக் காட்டுங்க” என்றாள்.

நீங்கள் கத்தியை எடுக்க வெகுநேரம் ஆனது. இருதயத்தைப் பிளந்து, விரலால் எதையும் காட்டாமல், அவள் முன்னால் வைத்தீர்கள். அவளே புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். நீங்கள் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றீர்கள். முன்னெல்லாம் அந்த இடத்தில் எத்தனை பேச்சு!

மழை தொடங்கும்போது உங்களைப் பேராதனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். உங்கள் நெஞ்சுதான். சோதனை எழுதிய கையோடு சுகந்தி வந்தாள். மூச்சு வாங்க வாங்க நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “வயிறு வந்திச்சா?”

“இந்த முறை வரல நானா.”

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். “வந்திருக்கலாம்” என்றீர்கள்.

இந்த இடத்தில் சுகந்தி பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி எடுத்தாள்.

நீங்கள் போன செய்தி வந்து, நாங்கள் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பட்டியல் அதற்குப் பிறகுதான் வந்தது. அவளுக்குப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை, நான் போனேன். அத்தனை எழுத்துக்கும் முன்னால் நின்றுகொண்டு, எதில் அவள் இருக்கிறாள், இருக்கிறாளா என்றே தெரியாமல் விழித்தேன். வாசல் காவல்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். எனக்குக் காது கேட்காதென்று நினைத்து உரக்க வாசித்தார்.

ஆம் நானா, எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கேதான் படிக்கிறாள். லேசாக இல்லை. விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒரு தரம் கேட்பதை இவள் பல தரம் கேட்க வேண்டியிருக்கிறது. போன கிழமை வயிற்றுப் பாடம் நடந்ததாம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவள் தேறிய சந்தோஷம் எனக்கு இல்லாமலில்லை. ஆனால் அதைவிடக் கனமாக என்னிடம் இருப்பது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பியதுதான். கெடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு ஒரு மனிதர் போய்விட்டார். அவர் கெடுக்கவில்லை என்று சொல்ல ஆளிருந்தும் அவர் கேட்கவில்லை. யாரிடம் இதைக் கொண்டுபோய் வைப்பது? வேலு போன தைப்பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். சிறிலைச் சென்ற மாதம் எரித்தார்கள். தேத்தண்ணிக் கடையில் உங்களைச் சுற்றி உட்கார்ந்தவர்களில், நீங்கள் கெடுக்கவில்லை என்று இன்னமும் உங்களோடு வாதாடிக்கொண்டு உயிரோடு இருப்பவன்,

கருப்பையா.