அழுகைக்குக் கார்டு

மன்னிப்பா? நீயா? கேட்கவே இல்லை என்று சொன்னேன். என்னிடம் விசாரித்த ஆள் நம்பவில்லை. இன்றைக்குக் காலையில் நாமக்கல்லில் பஸ் ஏற வந்தவர். "ஏப்பா, அழுகைக்குக் கார்டுன்னு கதை கட்டுனானே சேலத்துப் பையன், உன்ற சேக்காளி, அவன் கடைசியில கால்ல உழுந்துட்டானாமா?" என்றார். நான் பஸ்ஸின் கரி அடுப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடுகின்றன. எடுபிடிக்கு என்னை வைத்திருக்கிறார்கள். புகை கண்ணில் ஏறியது. நான் அழுவதாக நினைத்து அவர் நகர்ந்துவிட்டார்.

நீ செத்து ஒரு மழைக்காலம்தான் போயிருக்கிறது. அதற்குள் உன்னைக் கோழையாக்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பஸ் கிளம்பும்வரைக்கும் நேரமிருக்கிறது.

வாசகசாலையில் இருந்த மாயாஜாலக் கதைகளை ஒன்றுவிடாமல் படித்தவன் நீ. தறியிலிருந்து எழுந்தால் நேரே அங்கேதான் வருவாய். நான் ஐந்தாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வெயிலுக்கு ஒதுங்க வருவேன். ஒருநாள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாய்.

"டேய், ராசகுமாரன் ஏழு கடல் தாண்டறான், பாம்பை வெட்டறான். ஒருத்தனாவது நூல் வாங்க வரிசையில நிக்கறானா பாரு."

"நின்னா எவன்டா படிப்பான்?"

"நிக்கறவன் படிப்பான்."

சண்டையால் நூலுக்குக் கண்ட்ரோல் வந்து, கார்டுக்கு அளந்து கொடுக்கிற கடை வாசலில் வெயிலில் காய்ந்த நாட்கள் அவை. அந்த வரிசையில்தான் உன் கதையை ஆரம்பித்தாய். ஒரு தேசத்தில் அழுகைக்கு அளவு வைத்துவிட்டார்கள். ஆளுக்கு மாதம் ஓர் உழக்குக் கண்ணீர். அதற்கு மேல் அழுதால் தண்டனை. சேவகர்கள் விடிந்ததும் வந்து கன்னத்தில் உப்புக்கோடு தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.

"பொறந்த கொழந்தை அழுவுமே, அதுக்கு?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

"ஆத்தாக்காரி கார்டுல கழிச்சுக்குவாங்க."

"அப்ப பணக்காரன்?"

"அவன் ஊட்டுல அண்டா அண்டாவாப் பதுக்கி வெச்சிருக்கான். எழவு உழுந்த ஊட்டுக்கு ரெட்டை விலைக்கு விப்பான்."

வரிசையே சிரித்தது. அடுத்த வாரம் நூலுக்கு முன்பே கதைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "கடைசியில ராசா மனசு எளகீருமா, தம்பி?" என்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். "எளகாதுங்க. எளகுனா நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும்" என்றாய். எனக்கே எரிச்சலாக இருந்தது. இளகினால் என்ன குறைந்துவிடும்? அன்றைக்கு உன்னோடு சண்டை போட்டேன்.

பக்கத்துத் தெருவில் இட்லி விற்கிற அம்மா வந்தது அதற்குப் பிறகுதான். அவர் வரிசையில் நிற்கவில்லை. நேரே கடைக்காரரிடம் போனார்.

"ஏனுங்க சாமி, அழுகைக்குக் கார்டு இங்கதான் குடுக்கறாங்களா? பர்மாச் சண்டையில எம் பையன் போயிட்டான்னு தந்தி வந்திருக்குதுங்க. அடுத்த மாசத்து அளவையும் சேத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு, சர்க்கரைக்குக் கார்டு, கட்டுகிற துணிக்குக் கார்டு. இதில் எது கதை, எது சர்க்கார் உத்தரவு என்று அந்த அம்மாவுக்கு யார் பிரித்துச் சொன்னார்கள்? தந்தி வந்ததிலிருந்து அழாமல் இருந்திருக்கிறார்.

கடைக்காரர் ஆளனுப்ப, இன்ஸ்பெக்டர் வந்தார். சண்டைக் காலத்தில் புரளி கிளப்பினால் ஜெயில் என்றார். பிறகு இரக்கப்பட்டவர் போல ஒரு வழி சொன்னார்: கடைப் படியில் ஏறி, நான் சொன்னது பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உங்கள் வீட்டு நூல் கார்டு ரத்து. இருப்பது ஒரே தறி. நூல் நின்றால் அடுப்பும் நிற்கும். உன் அப்பா உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லீர்றா சாமி. ஒரு வார்த்தைதானே" என்றார்.

நீ படியேறினாய். இன்ஸ்பெக்டர் பக்கமே திரும்பவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாய்:

"அம்மா, அழுகைக்கு இன்னும் கார்டு வரலீங்க. வர்றதுக்குள்ள அழுதுக்குங்க. அளவு பாக்காம அழுங்க."

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. வரிசையில் ஒருவரும் நூல் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கார்டைக் கிழித்தார்.

இதுதான் நடந்தது. இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது?

தறி நின்றது. நீ வெள்ளைக்கல் வெட்டுகிற குழிக்குக் கூலியாகப் போனாய். மழையில் காய்ச்சல் கண்டது. கஞ்சிக்கே வழியில்லாத உடம்பு, தாங்கவில்லை. கதைதான் உன்னைக் கொன்றது என்று புத்திசாலிகள் பேசிக்கொள்கிறார்கள். கதை சோறு போடவில்லை, சரி. ஆனால் நூலை நிறுத்தியது கதையா? உன் அப்பா மட்டும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார். அவரோடு சண்டை போட எனக்கு மனமில்லை. மற்ற எல்லோரோடும் போடுகிறேன்.

உலகச் சண்டை முடிந்துவிட்டது, கண்ட்ரோல் முடியவில்லை. அதனால் கதையும் முடியவில்லை. பஸ் மேடேற மூச்சில்லாமல் வழியில் நிற்கும்போதெல்லாம் உன் தேசத்தை ஜனங்களுக்குச் சொல்கிறேன். "உள்ள தள்ளீருவாங்கடா" என்று கண்டக்டர் அண்ணன் பயமுறுத்துகிறார். "தள்ளுனா அங்கயும் நாலு பேரு கேப்பாங்கண்ணே" என்றேன்.

நேற்று ராசிபுரம் பக்கம் நின்றபோது, நீ சொல்லாத ஒன்றை நானே சேர்த்துவிட்டேன். அந்தத் தேசத்தில் ஒருத்தி கார்டு இல்லாமல் நடுச்சந்தையில் உட்கார்ந்து அழுகிறாள். அளக்க வந்த சேவகனுக்கு உழக்குப் போதவில்லை.

"குடம் கொண்டாந்திருப்பான்" என்றார் ஒரு கவுண்டர்.

"குடமும் பத்தலீங்க" என்றேன்.

"அப்பறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. ராசா மனசு இளகாது. அதை மட்டும் உனக்காக மாற்றாமல் வைத்திருக்கிறேன். மீதியை இன்றைக்கு ஏதாவது ஒரு மேட்டில் கண்டுபிடித்தாக வேண்டும். டிரைவர் ஆரன் அடிக்கிறார். நான் போகணும்.