கியூட்டெக்ஸ் எழுத்துகள்

இதை யாருக்கும் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். நீ இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். இந்த வருடம் முழுக்க எதைச் செய்தாலும் முதலில் பயந்துகொண்டே பழகிவிட்டது.

வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். மேசை லாச்சிக்குள் பேனை தேடிய கையில் உன் கியூட்டெக்ஸ் போத்தல் அகப்பட்டது. மூடியைத் திருகியதும் அந்த வாசம். அதோடு அந்த அறையும் வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டார் கட்டித் தந்த கணினி நிலையம், கடற்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள், என் பக்கத்துக் கதிரையில் நீ.

விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் இருந்தன. எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று நான் ஒவ்வொரு நாளும் மறந்துபோவேன். ஒருநாள் நீ உன் ஊர் பாண்டிருப்பிலிருந்து இந்தப் போத்தலைக் கொண்டுவந்து, ஈர்க்குச்சியால் தொட்டுத்தொட்டு, ஒவ்வொரு விசையிலும் சிவப்பாய் ஓர் எழுத்து எழுதினாய். போத்தலை என்னிடமே தந்துவிட்டுப் போனாய். உம்மா அதைக் கண்டு, "இத நகத்தில பூசினா தொழ ஒளு கூடாது புள்ள, தெரியாதா?" என்று என் விரல்களைப் பிடித்துப் பார்த்தா. மறுநாள் உனக்குச் சொன்னபோது, "உம்மாட்டச் சொல்லு, கம்ப்யூட்டர் தொழுகிறல்ல எண்டு" என்று சிரித்தாய்.

இணையத்தளம் கட்டுவதற்கான அந்த மென்பொருள் யாருக்கும் இலவசம், யாரும் திறந்து திருத்தலாம் என்று எங்களுக்குக் கணினி படிப்பித்த மிஸ் சொன்னதும், "அப்ப தமிழிலயும் போடலாமா?" என்று முதலில் கேட்டது நீதான். பிறகு அதன் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் இருவருமாக வரிவரியாகத் தமிழாக்கினோம். சொல்லுக்காகச் சண்டை பிடித்தோம். முடிவு வராவிட்டால், "மறுகா பாப்பம்" என்று அடுத்த வரிக்குப் போய்விடுவாய்.

மாரிமழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நானும் உம்மாவும் உங்கள் வேலியோரம் நின்றதையும், உன் அம்மா எங்கள் உம்மாவின் தோளில் சாய்ந்ததையும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. மறுகா பாப்பம்.

தமிழ்க் கோப்புகளைச் சேர்ப்பவர் கனடாவில் இருக்கிறார். நீ அண்ணா என்று எழுதுவாயே, அவர்தான். பங்குனியில் அவரிடமிருந்து எங்கள் இருவருக்கும் பொதுவான முகவரிக்கு மின்னஞ்சல் வந்தது, உன் பெயருக்கு. சோதனைப் பதிப்புகள் முடிந்து நிலையான பதிப்பு வரப்போகிறதாம். எல்லாரும் நம்பித் தங்கள் தளத்தில் போடுவது அதைத்தான். ஆனால் எங்கள் கோப்பை அவர் திறந்தால் தமிழே இல்லையாம், வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாம். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் இந்தப் பதிப்பில் தமிழ் இராது.

எங்கள் பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே கல்யாணக் கார்ட்டிலிருந்து பரீட்சைத் தாள் வரை எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில்தானே அடிக்கிறார்கள். நாங்களும் அப்படியே அடித்தோம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அதற்கடியில் இருக்கிற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எங்கள் அறைக்கு வெளியே உன் ஒரு வரியைக்கூட யாரும் வாசித்திருக்கவில்லை.

நீ இல்லை என்பதை அவருக்கு எழுதினேன். அவர் வருந்தி எழுதி, பழைய எழுத்தை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதை நான் தொடுவதற்குள் நிலையம் மூடிவிட்டது. வடக்கில் யுத்தம் நடக்கிற நேரம், சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, இங்கிருந்து கனடாவுக்கு யார் மெயில் அனுப்புவது என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுப் போனார்களாம். வாப்பா அன்று சோற்றில் கைவைக்கவில்லை. "இனி அந்தப் பக்கம் நீ போகப்படா. கம்ப்யூட்டர் எண்ட கதையே இந்த ஊட்டில வரப்படா" என்றார். கோபமாக இல்லை, பயந்த குரலில் சொன்னார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

வாப்பாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிப்போனது உம்மாதான். அவர் குறித்த அதே வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம், ஆண்களெல்லாம் பள்ளிக்குள்ளே, கடைகள் பூட்டு, தெருவில் ஆடுகள் மட்டும். மிஸ் பின்கதவைத் திறந்துவிட்டா. "கொத்துபாவும் தொழுகையும் முடியிறத்துக்குள்ள வேலய முடி" என்று உம்மா வாசலில் நின்றா.

மென்பொருள் முக்கால்வாசியை மாற்றித் தந்தது. கொம்பும் காலும் இடம்மாறிக் கிடந்த சொற்களை நான் திருத்த வேண்டும். புதிய முறைக்கு எழுத்துகளின் இடம் மாறியிருக்கும், நீ பூசிய சிவப்பையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டிவரும் என்றுதான் பயந்திருந்தேன். இல்லை. அதே விசையில் அதே எழுத்தையே யுனிகோடிலும் அது தந்தது. உன் எழுத்துகளைத் தொட்டே உன் வரிகளைத் திருத்தினேன்.

அனுப்பிய சற்று நேரத்தில் பதில் வந்தது. அங்கே நடுச்சாமம், அவரும் உறங்கவில்லைபோலும். ஒரே ஒரு கேள்வி. இல்லாத பக்கத்தை யாரும் திறந்தால் தெரியும் அறிவிப்பில் ஆங்கிலத்தில் ஒரு வசனம்தான் இருக்கிறது, தமிழில் இரண்டு இருக்கின்றன, இரண்டாவதை எடுத்துவிடலாமா?

"நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை. வேறு இடத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்."

இதே கேள்வியை நானும் உன்னிடம் கேட்டிருக்கிறேன். நீ விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாய்: "சுனாமி நேரம் அப்பாவத் தேடி நானும் அம்மாவும் ஏறாத முகாமில்லடி. எல்லா இடத்திலயும் 'இல்ல' எண்டிட்டு மத்த ஆளோட கதைக்கத் துவங்கிருவாங்க. சம்மாந்துறையில ஒரு முஸ்லிம் காக்காதான், 'இஞ்ச இல்ல மகள், அடுத்த பள்ளிக்கூடத்திலயும் ஒருக்காப் பாருங்க' எண்டார். அங்கயும் அப்பா இல்லதான். ஆனா அதுவரைக்கும் நடக்க எனக்குக் கால் இரிந்திச்சு."

இதை அப்படியே அவருக்கு அடித்தேன். வாசலில் உம்மா, "தொழுது சலாம் குடுத்திட்டாங்க, வா புள்ள, வா!" என்று தவித்தா. கடைசிச் சொல்லில் பிழை இருந்ததோ தெரியாது, அனுப்பிவிட்டு ஓடினேன். வழியில் உம்மா மூச்சிரைக்கக் கேட்டா: "ஒரு வரிக்காகவா புள்ள இவ்வளவு ஓட்டம்?" நான் கதையைச் சொன்னேன். உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டா.

அவர் என்ன முடிவெடுத்தார் என்று தெரியாமலே நாட்கள் போயின. இந்த வாரம் யுத்தம் முடிந்ததென்று வானொலி சொன்னது. பட்டாசுச் சத்தத்துக்கும் நான் கட்டிலுக்கடியில்தான் போனேன். உங்கள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பா என்று நினைத்தேன்.

இன்று பின்னேரம் மிஸ் உம்மாவின் ஃபோனுக்கு அழைத்தா. நிலையம் திறந்துவிட்டதாம். "மகளிட்டச் சொல்லுங்க, நிலையான பதிப்பு வந்திட்டு. தமிழ் இரிக்கி. வேணுமெண்டே இல்லாத பக்கமொண்டத் திறந்து பாத்தன், ரெண்டு வரியும் இரிக்கி." பங்களித்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயராம்.

குசினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. உம்மா, "வாப்பாக்கு நான் சொல்றன்" என்றா. நான்தான் வேண்டாம் என்றேன்.

இனி எந்த ஊரிலோ யாரோ ஒருவர், இல்லாத ஒன்றைத் தேடி வந்து நிற்கும்போது, நீ அவரை அடுத்த இடத்துக்கு அனுப்புவாய். என்னையும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். என் பக்கத்துக் கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது, ஆனாலும் எனக்குக் கால் இருக்கிறது. நாளைக்கு நிலையத்துக்குப் போகலாம், மங்கிப்போன எழுத்துகளுக்கு மேல் மறுபடியும் இந்தப் போத்தலால்—

கதவு தட்டும் சத்தம். வாப்பாவின் இருமல். வாசம் அறையெல்லாம் பரவிவிட்டது, மூடியைக் காணவில்லை. பரவாயில்லை, இந்த முறை நான் எதையும் ஒளிக்கப்போவதில்—