அருள்ராஜ் வேறு என்ன பேசினான்

மாசி 10, இரவு.

போன வாரம் மாரடைப்பில் இறந்த அருள்ராஜுக்கு இன்று வில்லாபுரம் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். முப்பது வருடம் அவனோடு கட்சிக்குச் சுவரெழுதியவன் என்று முதலில் என்னைத்தான் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் வாய் தானாக ஓடியது. கொள்கைக் குன்று என்றேன். தியாகச் சுடர் என்றேன். புதைக்கப்படவில்லை, விதைக்கப்பட்டான் என்றேன். இதற்கு முன் வட்டச் செயலாளர் இறந்தபோதும் இதையேதான் பேசினேன். பெயர்தான் வேறு. கைகூடத் தட்டினார்கள்.

கிளம்பும்போது அவன் மனைவி ஸ்டெல்லா வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க மேடையில பேசுற மாதிரி கட்சி வசனத்தத்தான் அவரு வீட்லயும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கே மனப்பாடம். உங்ககிட்ட வேற ஏதாச்சும் பேசுவாரா? இம்புட்டு வருசம் உங்ககூடத்தான சுத்துனாரு."

"நிறையப் பேசுவாம்மா" என்றேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு முன்னால் உசிலம்பட்டியில் சுவரெழுதப் போயிருந்தோம். ஏணியில் பாதி ஏறியவன் நின்றுவிட்டான்.

"மாப்ள, மூச்சு வாங்குது. இன்னைக்கு நீ ஏறேன்."

"நம்ம இயக்கத்துக்கு ஓய்வே கிடையாதுடா" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேலே ஏறினான்.

ஸ்டெல்லாவிடம் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.