உரையரங்கில் என் மனைவி கேட்ட கேள்விகள் தொடர்பாக

அனுப்புநர்:
இராசதுரை இராகுலன்,
குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டி திருத்துநர்,
பாடசாலை ஒழுங்கை, சாம்பல்தீவு,
திருகோணமலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
திருகோணமலை.

விடயம்: தங்கள் செயலக மண்டபத்தில் நடைபெறும் மாதாந்த உரையரங்கிலிருந்து என்னை உளவாளி எனக் கருதி விலக்கி வைத்தமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாதந்தோறும் இரண்டாவது வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கள் செயலகத்துக்குச் சொந்தமான சிறு மண்டபத்தில் கடலோர வாசகர் வட்டம் என்னும் அமைப்பு உரையரங்கு நடத்தி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். பொருளாதாரம், வணிகம், விஞ்ஞானம், கலை ஆகிய துறைகளில் நூல் எழுதியோரும் ஆய்வு செய்தோரும் வந்து பேசுகிறார்கள். ஒரு மணித்தியாலம் பேச்சு, அரை மணித்தியாலம் கேள்வி, அதன் பிறகு தேநீரும் வடையும். அனுமதி இலவசம், யாவரும் வரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த யாவருக்குள் நான் அடங்குகிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

2. வட்டத்தின் செயலாளர் திரு. பிரகலாதன் தனியார் கல்வி நிலையம் ஒன்றின் ஆசிரியர். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. இருந்த கோபத்தையும் இம்மனுவை எழுதி முடிக்கும்வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் புலனாய்வுக்காரருக்குத் தகவல் கொடுக்கும் ஆள் என்று அவர் நம்புகிறார். மண்டபத்துக்கு வரும் மற்றவர்களும் அப்படியே நம்புகிறார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்லன். இதை எழுதும்போதே எவ்வளவு பலவீனமாகத் தெரிகிறது என்பது எனக்கு விளங்குகிறது. உண்மையான ஆளும் இதைத்தான் எழுதுவார்.

3. எனக்கு எதிரான சாட்சியங்களை நானே தந்துவிடுகிறேன், தங்கள் நேரம் மிச்சமாகும். நான் எப்போதும் கடைசி வரிசையில் மூலைக் கதிரையில் இருக்கிறேன். பேச்சுத் தொடங்கியதும் தொலைபேசியை மேடைப் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். பேச்சாளரின் முகத்தைவிடத் தொலைபேசியின் முகத்தையே அதிகம் பார்க்கிறேன். கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, தொலைபேசிக்கு வந்திருப்பதைப் பார்த்து அப்படியே வாசிக்கிறேன். பதிலைக் கேட்டபின் மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்துவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் வடைகூட எடுக்காமல் வெளியே போய், வேலியோரம் நின்று தாழ்ந்த குரலில் யாருடனோ கதைக்கிறேன். இவை போதாதென்று, மே மாத வெயிலில் நான் பொலிஸ் நிலையத்துக்குள் மூன்று முறை போய் வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கடற்படைக் குடியிருப்புக்கும் போய் வருகிறேன்.

4. இனி விளக்கம். தொலைபேசியைச் சார்ஜ் போடச் செருகும் இடம் அந்த மண்டபத்தில் மூலைக் கதிரைக்குப் பின்னால் உள்ள சுவரில் மட்டும்தான் உண்டு. என் தொலைபேசியின் பற்றரி அரை மணித்தியாலம் தாங்காது. பொலிஸ் நிலையத்தில் பழுதானது குளிரூட்டி. அதைத் திருத்துவது என் தொழில், கடற்படைக் குடியிருப்புக்கும் அதற்காகவே போகிறேன். ஒரே குளிரூட்டிக்கு மூன்று முறை போக நேர்ந்தது என் வேலைக்குப் பெருமை சேர்க்கும் விடயமல்ல, ஆனால் அது உளவும் அல்ல.

5. என் மனைவி தர்சிகா குச்சவெளியைச் சேர்ந்தவர். ஜோர்தானில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைக்கிறார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவர், பல்கலைக்கழகம் போக வேண்டியவர், போகவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே பின்னேரம் நாலரை என்றால் அங்கே பகல் இரண்டு மணி. எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் தன் கட்டிலில் இருந்துகொண்டு, வட்ஸ்அப் அழைப்பில் அவர் இந்த உரைகளைக் கேட்டு வந்தார். கிழமை முழுக்க இயந்திரச் சத்தம் கேட்ட காதுக்கு, ஒருவர் நின்று நிதானமாக ஒரு விடயத்தை விளக்கிச் சொல்வதைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பொருளாதாரம் விளங்காது. நாடகம் பிடிக்காது. நான் தொலைபேசி பிடிப்பதற்காகப் போனவன். கேள்விகள் அனைத்தும் அவருடையவை. அவர் எழுதி அனுப்புவார், நான் வாசிப்பேன்.

6. இதை முதல் நாளே எழுந்து சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். சொல்ல வேண்டாம் என்றவர் தர்சிகாதான். கேள்வி பிழையாக இருந்தால் படித்த மனிதர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு தன் காதில் விழும், ஆகவே உங்கள் கேள்வியைப் போலவே கேளுங்கள் என்றார். அந்த வெட்கத்தைக் காப்பாற்றப் போய்த்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

7. கேட்ட கேள்விகளையும் மறைக்காமல் தருகிறேன். மே மாதம், வெளிநாட்டில் உழைப்போரின் பணம் நாட்டைத் தாங்குவது பற்றி நூல் எழுதிய பொருளியலாளர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பேசினார். இந்த நூலுக்காக எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள், அந்த வீட்டுக்காரரின் பெயர் விபரம் உங்களிடம் இருக்கிறதா என்று நான் வாசித்தேன். தன்னைப் போன்ற ஒருத்தியையாவது அவர் நேரில் சந்தித்தாரா என்று தெரிந்துகொள்ளத்தான் தர்சிகா கேட்டார். மண்டபத்துக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

ஜூன் மாதம் கிண்ணியாவில் தையல் நிலையம் நடத்தி, அந்த அனுபவத்தை நூலாக எழுதிய திருமதி சனூஸா பேசினார். உங்களிடம் வேலை செய்யும் பெண்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள், எந்த வழியால், வேலை முடிந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள் என்பது கேள்வி. ஊருக்குத் திரும்பியதும் அங்கே வேலைக்குச் சேர்ந்தால் பின்னேர பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று தர்சிகா பார்த்திருக்கிறார். திருமதி சனூஸா மனம் கோணாமல் பதில் சொன்னதோடு, என் வீட்டில் நல்ல தையல் தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து பார்க்கச் சொல்லித் தன் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். அன்று தர்சிகா வெகுநேரம் சந்தோசமாகக் கதைத்தார்.

ஜூலை மாதம் கடல் விஞ்ஞானி ஒருவர், கடலடியில் கருவி வைத்துத் திமிங்கிலங்களின் ஒலியைப் பதிவு செய்வது பற்றிப் பேசினார். இரவில் எந்தப் படகு எங்கே போகிறது என்று உங்கள் கருவியில் தெரியுமா என்று வாசித்தேன். என் மாமனார் இரவில் கடலுக்குப் போகிறவர், பெரிய கப்பல் வரும் பாதையில் வலை போடுகிறவர். மகளுக்கு அந்தப் பயம். முன்வரிசையில் இருந்த மீனவர்கள் இருவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஆகஸ்ட் மாதம் நாடகக் கலைஞர் ஒருவர் தன் புதிய நாடகத்தை விளக்கினார். காணாமல் போன பிள்ளைக்காகத் தினமும் சோற்றுக் கோப்பை வைக்கும் ஒரு தாயின் கதை. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்று வாசித்தேன். அவர் கூட்டத் தலைவரின் பக்கம் திரும்பினார். தலைவர் கேள்வி நேரத்தை முடித்துக்கொண்டார். வடைகள் தட்டில் அப்படியே கிடந்தன, சனம் கலைந்து போய்விட்டது.

8. ஐயா, இதை எழுதாமல் விட நினைத்தேன். தர்சிகாவின் தமையன் 2007இல் படையினர் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். தமையனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தலையசைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது, ஊரவர் ஒருவர் என்பது மட்டும் தெரியும். எங்கள் பக்கத்துச் சனம் ஒருவரை ஒருவர் நம்பாததற்கு இப்படி வீட்டுக்கு வீடு காரணம் இருக்கிறது. ஆகையால் மண்டபத்தில் இருந்தவர்களை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன்.

9. செப்டெம்பர் மாதம் வாசலிலேயே என்னை நிறுத்தினார்கள். உரையரங்குக்குள் தொலைபேசி பாவிக்கக்கூடாது என்று புதிய விதி வந்திருப்பதாகத் திரு. பிரகலாதன் சொன்னார். நூலாசிரியர்களின் உரிமையைப் பாதுகாக்கவாம். எனக்கு முன்னால் போன நால்வரின் சட்டைப் பையிலும் தொலைபேசி தெரிந்தது, அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்காகப் பிறந்த விதியோ என்று ஐயுறுகிறேன். அப்போது வெட்கத்தை விட்டு, கேள்விகள் மனைவியுடையவை என்று சொன்னேன். நல்ல சாட்டு என்பதுபோலச் சிரித்தார். நான் முற்றத்தில் நின்றபோது தர்சிகாவின் அழைப்பு வந்தது, எடுக்காமல் துண்டித்தேன்.

10. அடுத்த நாள் கிராம உத்தியோகத்தரிடம் போய், எனக்கு எதிராக எதுவும் தெரியவரவில்லை என்று நற்சான்றுப் பத்திரம் எடுத்து வந்து திரு. பிரகலாதனிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, ஒண்டுமில்லாத ஆளுக்கு அரசாங்கம் ஏன் கடிதம் குடுக்குது?" என்று கேட்டார். பத்திரத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுமுதல் திருமதி சனூஸாவும் என் அழைப்பை எடுப்பதில்லை. அவருக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆதாரம் இல்லை.

11. இன்னொரு விடயத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த மண்டபத்தில் உண்மையாகவே ஒரு ஆள் இருக்கலாம். எனக்குப் பின்னால் சுவர் மட்டுமே, ஆகவே அவர் எனக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு வசதி. யார் அதிகம் கைதட்டுகிறார், யார் பேச்சாளரோடு படமெடுக்க முந்துகிறார் என்று நானும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இதைப் போன கிழமை உணர்ந்தபோது, நான் எதுவாக இல்லை என்று சொல்ல வந்தேனோ அதுவாகவே மாறிக்கொண்டிருக்கிறேன் என்று பயம் வந்தது. இந்த மனுவைத் தங்கள் மேசைக்குக் கொண்டுவரும் உத்தியோகத்தரையும் நான் சற்றுச் சந்தேகிக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

12. இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். செப்டெம்பர் உரை ஏன் கேட்கவில்லை என்று தர்சிகா விசாரித்தபோது, வாசலில் மறித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. தொலைபேசி பழுது என்றேன். எந்தத் தொலைபேசியில் இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒரு தொலைபேசி மட்டுமே வைத்திருப்பவன். அதே கிழமை அவருடைய தங்கை கீர்த்தனி, ஒரு கலியாண வீட்டில் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவருக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் தர்சிகாவின் கேள்விகளையே வைத்து நான் யாருக்கோ தகவல் எடுத்தேன் என்பது அந்தக் கதை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தர்சிகா என்னை அழைத்து, சுகம் விசாரிக்காமல், "உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஆரோட வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

நான் மறுத்தேன். சத்தியம் செய்தேன். அண்ணன் போன அன்று எங்கள் ஊரிலும் எல்லாரும் சத்தியம் செய்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

13. அவருடைய ஒப்பந்தம் வருகிற டிசெம்பரில் முடிகிறது. வீட்டுக்கு வருவதாக இருந்தார். வாசல் கதவுக்குப் புது நிறம் பூசி வைத்திருக்கிறேன். இப்போது மேலும் இரண்டு வருடத்துக்கு நீடிக்கப் போவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். இம்மாத நடுப்பகுதிக்குள் கையெழுத்திட வேண்டுமாம். உளவாளி என்று ஊர் சொல்வதை என்னால் தாங்க முடியும், ஒதுங்கி நடந்து போவேன். என் மனைவி என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதைத் தாங்க முடியவில்லை, ஐயா. இரவில் வேலைச் சாமான்களைப் பெட்டியில் எடுத்து வைப்பதும் திரும்ப வெளியே எடுப்பதுமாக இருக்கிறேன்.

14. முதலில் தங்களிடம் ஒரு சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கவே எண்ணினேன். கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கே அந்தப் பாடு என்றால், பிரதேச செயலாளரின் முத்திரையோடு வரும் கடிதம் என்னை இன்னும் பெரிய ஆளாக்கிவிடும். ஆகவே சான்றிதழ் வேண்டாம். எவரையும் விசாரிக்கவும் வேண்டாம், விசாரணை தொடங்கினால் நான்தான் முறையிட்டுப் பிடித்துக்கொடுத்தேன் என்பார்கள். திரு. பிரகலாதனுக்கு ஒரு சங்கடமும் வரக்கூடாது. உரையரங்கை நிறுத்தவும் கூடாது. இந்தப் பட்டினத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் வாய்மூடிக் கேட்கும் இடங்கள் அதிகம் இல்லை.

15. நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை, வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குடும்பப் பொருளாதாரம் பற்றி நூல் எழுதிய யாழ்ப்பாணத்துப் பேராசிரியை ஒருவர் பேசுகிறார். மண்டபம் தங்களுடையது என்பதால் இதைச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் உண்டு. அன்று கேள்வி நேரத்தில் மேசைமீது, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், ஒரு தொலைபேசியை வைக்க அனுமதிக்க வேண்டும். தர்சிகா தன் குரலில் தானே கேட்பார். வெட்கத்தை விட்டுக் கேட்கச் சொல்லி இன்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார், பதில் போடவில்லை. ஆனால் அந்த நேரம் அழைப்பை எடுப்பார் என்று நம்புகிறேன்.

என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. பேராசிரியையிடம் கேட்பாரோ, அல்லது மண்டபத்தில் இருப்பவர்களிடம் என்னைப் பற்றியே கேட்பாரோ, அதுவும் தெரியாது. எதைக் கேட்டாலும் அவரைத் தடுக்க வேண்டாம். இத்தனை மாதம் கேட்டது ஒரு பெண்ணின் கேள்விகள் என்பது சனத்துக்கு அவருடைய குரலில் தெரியவரட்டும். அங்கே உண்மையாகவே சனம் இருந்தது, உரை நடந்தது, அவருடைய கேள்விகள் அந்தச் சனத்தின் முன்தான் வாசிக்கப்பட்டன என்பது அவர்களுடைய சத்தத்தில் அவருக்குத் தெரியவரட்டும்.

நான் உள்ளே வருவதில் எவருக்கும் ஆட்சேபம் இருந்தால் படலைக்கு வெளியே நிற்கிறேன். தொலைபேசி உள்ளே இருந்தால் போதும்.

வெள்ளிக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

இரா. இராகுலன்
(ஒப்பம்)

இடம்: சாம்பல்தீவு
திகதி: 06.10.2025