உப்புக்குள் இருந்த மூன்று கத்திகள்

அக்கா,

இன்று எழும்பியதும் முகம்கூடக் கழுவாமல் ஒரு கத்தியை, பிடி நனையாதபடி, புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். உன் மகள் நேற்றுப் பூசை முடிந்து வரும்போது கொண்டுவந்து தந்தது. "சின்னம்மா, மழைக்கு முழுக்கக் கறள் பிடிச்சிட்டுது. ஆறுதலாத் தாங்கோ, அவசரமில்லை" என்றாள். கலியாணம் முடித்து ஏழு மாதம்தான். வீட்டில் மீன் வெட்ட இருக்கிற ஒரே கத்தி. நான் வாங்கிக் கொடுத்தது. அதற்கு அவசரமில்லையாம்.

உன் கத்திகளும் இப்படித்தான் துருவேறிக் கிடந்தன. நான் வருகிற ஞாயிறுகளில் நீ கிணற்றடியில் குந்தியிருந்து, சாம்பலும் தேசிக்காய்ப் பாதியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். இரசாயனம் படிப்பிக்கிறவள், சும்மா இருப்பேனா? ஈரத்தைத் துடை, வெயிலில் காயவை, தேங்காயெண்ணெய் பூசிக் கடதாசியில் சுற்றி வை என்று ஒவ்வொரு முறையும் பாடம் நடத்தினேன்.

"கருவாட்டுக்காரிக்கு ஒரு கத்தி வைக்கத் தெரியேல்லையோ?" என்று அத்தானுக்கு முன்னாலேயே நக்கலடித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ தலையை நிமிர்த்தவில்லை. "ஓமடி ரீச்சர், அடுத்த கிழமை சோதினை வை, பாசாகிக் காட்டுறன்" என்றாய்.

நீ கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலை அடிபட்டு இறந்ததாக அத்தான் சொன்னார். மரண விசாரணைக்கு வந்தவரிடம் நானும் அதையே சொன்னேன். அங்கே பாசி பிடித்திருந்தது என்றுகூடச் சேர்த்துச் சொன்னேன். நீ நாளாந்தம் உரஞ்சிக் கழுவிய இடம். பாசி இருக்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தேன். படித்தவள் சொன்னதால் விசாரிக்க வந்தவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள், மிஞ்சிக் கிடந்த கருவாட்டு உப்பைக் கொட்டிவிட்டுப் பீப்பாவைக் கழுவப் போனேன். அடியில் உன் பழைய சட்டைத்துணியில் சுற்றிய மூன்று கத்திகள். வீட்டிலிருந்தவை அவ்வளவுதான். அப்போது ஒன்பது வயதான உன் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா குடிச்சிட்டு வந்தால் அம்மா உதுக்குள்ளைதான் ஒளிச்சு வைக்கிறவ. உப்பைக் கிளறி ஆரும் தேடமாட்டினமாம்."

துணியை விரித்தபோது விரலில் எண்ணெய் ஒட்டியது. நான் சொன்னபடி எண்ணெய் பூசித்தான் புதைத்திருந்தாய். இரவு முழுவதும் உப்புக்குள் கிடந்தால் எந்த எண்ணெய் தாங்கும்?

ஒருவருக்கும் சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பனும் இல்லாமல் போகக்கூடாது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவரும் போய்விட்டார், பாயில் படுத்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நல்ல சாவாக. அந்த மூன்று கத்திகள் என்னிடம்தான் இருக்கின்றன. மாதத்தில் ஒருநாள் வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி வைக்கிறேன். அவற்றால் ஒரு வெங்காயம்கூட வெட்டியதில்லை.

இன்று காலை தும்பால் தேய்க்கத் தேய்க்கக் கறள் கழன்று அலகு வெளுத்தது. பிடியும் அலகும் சேருகிற வெடிப்பை ஊசியால் கிளறினேன். வெள்ளையாகப் பொடிக்கட்டி விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

மழை உப்பைக் கொண்டுவராது, அக்கா. அவர்கள் வீட்டில் கருவாடும் போடுவதில்லை.

என் கணவருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. பின்னேரம் உன் மகளின் புருஷன் கடற்தொழிலுக்கு வள்ளம் தள்ளினபிறகு பாஷையூரில் அவள் வீட்டுக்குப் போகப்போகிறேன். கத்தியைக் கொண்டுபோகமாட்டேன். "அடிக்கிறவனோ?" என்று நேராகக் கேட்பேன். உன்னிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. ஓம் என்றால் கையோடு கூட்டிவருவேன். இல்லையென்றால், அந்தப் பாசியைப் பற்றி விசாரணையில் நான் சொன்ன பொய்யை அவளுக்குச் சொல்லுவேன். சொல்லிவிட்டு, திரும்பவும் கேட்பேன்.